குழாய்க்குள் தலை

சாந்தோம் உபதேசியார் லூயிஸின் மகள் நோராவுக்குத் தாய்மாமன் ராஜநாயகத்தின் பாட்டு ஒருநாளும் பிடித்ததில்லை. பிடிக்கவில்லை என்பது மரியாதைக்குச் சொல்கிற வார்த்தை. அவர் வாயைத் திறந்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆனால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் சென்னையில் பாட்டு என்றால் சத்தம்தான். நாடகக் கொட்டகையின் கடைசியில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்குக் கேட்க வேண்டும், அவ்வளவுதான் சங்கீதம். சுருதி நழுவினால் ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள். சத்தம் குறைந்தால் சோடா பாட்டில் பறக்கும். ராஜநாயகம் மேடையில் ஹார்மோனியத்தை அலறவிட்டு ஐந்தரைக் கட்டைச் சுருதியில் எடுத்தால் தெருமுனையில் கட்டியிருக்கும் மாடு மிரளும். அதையே அவர் பட்டமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அவரை கிராமபோன் ரிக்கார்டு கொடுக்க ஒரு கம்பெனி ராயப்பேட்டைக்கு அழைத்தது. ராஜாவும் ராணியும் மாறி மாறிப் பாடுகிற பாட்டு. ராணிக்கு ஒரு குரல் வேண்டும் என்று மாதா கோயில் பாடகர் குழுவிலிருந்த நோராவைக் கூட்டிக்கொண்டு போனார். லூயிஸ் யோசித்தார். மாமனோடுதானே போகிறாள் என்று பிறகு விட்டுவிட்டார்.

அப்போது மைக் கிடையாது. வாடகைக்கு எடுத்த பங்களாவில் ஜன்னல்களையெல்லாம் அடைத்து, கம்பளியைத் தொங்கவிட்டு, அறையை இட்லிப் பானை மாதிரி ஆக்கியிருந்தார்கள். சுவரிலிருந்து ஒரு தகரக் குழாய் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அதற்குள் கத்தினால் அடுத்த அறையில் மெழுகுத் தட்டில் ஊசி கீறும். ராஜநாயகம் தலையை முக்கால்வாசி உள்ளே விட்டுக்கொண்டார். கம்பெனி ஆள் ஒருவன் பின்னாலிருந்து அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மேல் ஸ்தாயி வந்தால் வெளியே இழுத்தான், கீழே வந்தால் உள்ளே தள்ளினான். கழுதையைக் கொட்டிலுக்குள் விடுகிற வேலைதான். அதற்குக் கலை என்று பெயர்.

நோராவின் முறை வந்தபோது மாமா குழாயை விட்டு நகரவில்லை. அவருடைய அக்குள் வழியாகத்தான் அவள் பாட வேண்டியிருந்தது. பாட்டு முடிந்ததும் பாடியவர் தன் பேரைத் தானே உரக்கச் சொல்வது அந்தக் கால வழக்கம். தட்டை வாங்கி வீட்டில் வைக்கிறவன் கடைசியில் அந்தப் பேரைக் கேட்டுத்தான் திருப்தியடைவான். மாமா "சாந்தோம் ராஜநாயகம்" என்று குழாய் அதிரக் கத்திவிட்டு வெளியே வந்தார்.

"என் பேரும் சொல்லியிருக்கலாமே மாமா" என்றாள் நோரா.

"உன் கொரலே உள்ள கீதா இல்லியானு தேடணும். பேரு வேறயா உனக்கு?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தட்டு வந்தது. அவள் குரல் அதில் கொசு போலக் கேட்டது. கடைசியில் மாமாவின் பேர் இடி மாதிரி விழுந்தது. தன் பேரும் ஒருநாள் ஒரு தட்டில் விழ வேண்டும் என்று அன்றைக்கு அவள் நினைத்தாள். அந்த ஆசை அவளை விட்டுப் போகவே இல்லை. கோயில் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை பூசையில் பாடிக்கொண்டு, அதை உள்ளேயே வைத்திருந்தாள்.

அதற்குள் காலம் புரண்டுவிட்டது. மைக் வந்தது, பேசும் படம் வந்தது. ஹார்மோனியத்துக்குப் பக்கத்தில் கிளாரினெட்டும் ஜலதரங்கமும் வந்து உட்கார்ந்தன. ஐந்தரைக் கட்டை வீரர்கள் நாலு கட்டைக்கு இறங்கினார்கள். இறங்க முடியாதவர்கள் வீட்டில் உட்கார்ந்தார்கள்.

"பாட்டா அது? ஜுரத்துல கெடக்கிறவன் மொனகுற மாதிரி கீது" என்பார் ராஜநாயகம்.

அவர் சொன்னதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. அடித்தொண்டையில் காற்றை விட்டுக்கொண்டு அதைக் காதல் என்று விற்ற ஆட்களும் அப்போது இருந்தார்கள். நோராவுக்கு அவர்களையும் பிடிக்காது. கத்துகிறவனும் சரி, முனகுகிறவனும் சரி, கருவிக்குத் தகுந்த மாதிரி வாயை மாற்றிக்கொண்டு தன்னை மேதை என்கிறான் என்பது அவள் எண்ணம்.

முப்பத்து நாலில் வேறொரு கம்பெனி மாமாவின் பழைய பேரை நம்பி அதே ராஜா ராணி பாட்டைக் கேட்டது. இந்த முறை தியாகராய நகரில், பனகல் பார்க்குக்குப் பக்கத்தில் புதுப் பங்களா. மாமா பழைய ராணியையே கூட்டிக்கொண்டு போனார். நடுவில் ஒரு கம்பியில் தேங்காய் மூடி அளவுக்கு மைக் நின்றது. மாமா அதைப் பார்த்து இளித்தார். பிறகு நேராகப் போய் அதன் முகத்தில் வாயை வைத்துக் கத்தினார்.

ரிக்கார்டு எடுக்கிற இனாயத் காதிலிருந்த கருவியைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓடி வந்தான். "இன்னா சார் இது, காது கிழிஞ்சிபோச்சு. தள்ளி நில்லுங்க."

தள்ளி நின்றார். போதவில்லை. கதவோரம் நிறுத்தினார்கள். சுவரைப் பார்த்துப் பாடச் சொன்னார்கள். கடைசியில் வராந்தாவில் நிறுத்தி, கதவை ஒருக்களித்து வைத்தார்கள். மைக்குக்கு முன்னால் நோரா நின்றாள். அவள் பூசையில் பாடுகிற மாதிரி சாதாரணமாகப் பாடினாள். இனாயத் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டான். பாட்டு முடிகிற நேரத்தில் வராந்தாவிலிருந்து "சாந்தோம் ராஜநாயகம்" என்று ஒரு முழக்கம் வந்தது.

மெழுகுத் தட்டு வீணாய்ப் போயிற்று. இப்போதெல்லாம் யாரும் பேர் சொல்வதில்லை, தட்டில் ஒட்டுகிற காகிதத்தில் அச்சடித்துவிடுவோம் என்று இனாயத் பொறுமையாக விளக்கினான். மாமா சரி என்றார். அடுத்த மெழுகிலும் முழங்கினார். பழகிய வாய் நிற்கவில்லை. இனாயத் அவரைத் தெருக்கோடி டீக்கடைக்கு அனுப்பி வைத்தான்.

"நீயே ரெண்டு பேர் பங்கையும் பாடிடும்மா."

"காகிதத்துல என் பேரு வருமா?" என்று கேட்டாள்.

இனாயத் தலையைச் சொறிந்தான். "ஒப்பந்தம் அவரு பேர்ல கீது. அப்படித்தான் அச்சாகும். நான் இன்னா பண்றது?"

நோராவுக்கு அழுகை வந்தது. அழவில்லை. பாட்டு முழுவதையும் பாடினாள். கடைசி சுரம் அடங்கியது, ஊசி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் மைக்கின் பக்கம் குனிந்து, பாவசங்கீர்த்தனத்தில் பாவத்தைச் சாமியாரின் காதில் சொல்கிற குரலில், தன் பேரைச் சொன்னாள். இனாயத் நிமிர்ந்து பார்த்தான். இந்த மெழுகும் போனால் அவன் வேலைக்கே ஆபத்து. காதில் விழாதவன் போல ஊசியைத் தூக்கினான்.

தட்டு வந்ததும் ராஜநாயகம் அதை ராயப்பேட்டையில் அப்துல் கய்யூமின் இசைத்தட்டுக் கடைக்கு எடுத்துக்கொண்டு போனார். நாடகக்காரர்கள் சிலரையும் நோராவையும் கூடவே இழுத்துக்கொண்டு போனார். தட்டின் நடுவில் அவர் பேர் மட்டும் தங்க எழுத்தில் மின்னியது. அதை எல்லோரிடமும் நீட்டிக் காட்டினார். கய்யூம் குழாய் வைத்த பழைய கிராமபோன் பெட்டியில் தட்டை வைத்தார். முழுக்க ஒரு பெண் குரல்தான் வந்தது; பாடியது யார் என்று கேட்க அங்கே ஒருவருக்கும் துணிவில்லை. பாட்டு முடிந்தது.

"கடைசியில பொண்ணு ஏதோ சொல்லுதே" என்றார் கய்யூம்.

"ஒண்ணும் கேக்கலியே" என்றார் ராஜநாயகம். இத்தனை வருஷக் கத்தலில் அவர் காதும் பாதி போயிருந்தது.

"தலைய குழாய்க்குள்ள வுட்டுக் கேளுங்க மாமா. உங்களுக்குப் பழக்கம்தானே" என்றாள் நோரா.

அவர் குனிந்து தலையை விட்டார். கய்யூம் ஊசியைக் கடைசிக் கோட்டில் வைத்தார். "சாந்தோம் நோரா" என்றது பெட்டி. மாமாவின் கழுத்து சிவந்தது. தலையை வெளியே எடுத்து, கூடியிருந்தவர்களைப் பார்க்காமல் துண்டைத் தேடினார்.

"இன்னொரு தபா வைங்க பாய்" என்றாள் நோரா. "மாமாவுக்குச் சரியா கேக்கல."