ஒரு மோள்

பாறசாலையில் ஒரு டியூஷன் சென்டரில் பதினைந்து வருடமாகக் கெமிஸ்ட்ரி நடத்துகிறவள் விமலகுமாரி. கேரள எல்லையோரத்துப் பிள்ளைகளுக்கு அந்தப் பாடத்தில் ஒரு தொல்லை உண்டு. அணுக்களை எண்ணுகிற 'மோல்' என்ற அளவும் அவர்கள் வாயில் மோள், பெற்ற மகளும் மோள். அதனால் ஒவ்வொரு வருடமும் ஒரே கேலியோடுதான் தொடங்குவாள்: "எனக்கு வீட்டில ஒரு மோள் உண்டு, பேரு லிஷா. இது அது இல்ல மக்கா, கணக்குல உள்ள மோள் ஆக்கும்."

அந்த லிஷா பத்தொன்பது வயதில் காய்ச்சலில் படுத்து, நாலாம் நாள் போய்விட்டாள். பதினாறாம் நாள் காரியமான அடியந்திரம் முடியும்வரை விமலகுமாரி அழவில்லை. வந்தவர்களுக்குச் சாயா கொடுத்தாள், பாத்திரம் கழுவி அடுக்கினாள். பெற்ற வயிறு கல்லாகிவிட்டது என்றார்கள். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? ஆனால் கல்லாகிவிட்டோமோ என்று அவளுக்கும் பயம்தான். மனசைத் தொட்டுப் பார்த்தால் மரத்துக் கிடந்தது.

பதினெட்டாம் நாள் அவள் வேலைக்குக் கிளம்பியபோது கணவன் சுந்தரதாஸ் வாசலில் நின்றான்.

"இன்னைக்குப் போவண்டாம் வெமலா. நீ கரையாம இருக்கியத கண்டா எனக்குப் பயமாட்டு இருக்கு. ஒருக்கா வாய்விட்டுக் கரைஞ்சிரு."

"கண்ணீரு வரல்ல. வந்தா கரைவேன்," என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

ஹைட்ரஜன் அணுவின் ஆரம் அரை ஆங்ஸ்ட்ராம் என்று போர்டில் எழுதினாள். ஓர் அணுவின் கன அளவைக் கண்டுபிடித்து, அவகாட்ரோ எண்ணால் பெருக்க வேண்டும். அத்தனை கோடானுகோடி அணுக்களையும் கூட்டினால் ஒரு மில்லியில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. கை தன்பாட்டில் எழுதிக்கொண்டு போனது.

முன்னால் இருந்த மாணவி ஜின்சியை எழுப்பி, இந்த விடை எத்தனை அணுவுக்கு என்று கேட்டாள்.

"ஒரு... மோல் அணுவுக்கு, டீச்சர்."

அடுத்துக் கேட்டவளும் மோல் என்றாள். ஷிபினும் மோல் என்றான். பாறசாலையில் பிறந்த பிள்ளை எது அப்படி நாக்கை வளைக்காமல் சொல்லும்? தனக்காக எல்லோரும் பேசிவைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்பது அவளுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது.

"மோள்ணே சொல்லு மக்கா," என்றாள் ஜின்சியிடம். "வீட்டில இப்ப ஆரும் அத சொல்லதில்ல."

ஜின்சி தலையைக் குனிந்துகொண்டு, "ஒரு மோள், டீச்சர்," என்றாள்.

விமலகுமாரி சாக்பீஸைக் கீழே வைத்தாள். முன்பெஞ்சில் உட்கார்ந்து, பிள்ளைகள் பார்க்கவே வாய்விட்டு அழுதாள்.