ஆறுக்கும் சேர்த்து ஒரு தொட்டி

பழனிசெட்டிபட்டியில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்த பலவேசத்துக்கு எதையும் கண்ணாலேயே அளந்துவிடும் பழக்கம். கல்யாண வீட்டில் எத்தனை பேர் ஒரே படத்துக்குள் அடங்குவார்கள் என்று வாசலில் நின்றே சொல்லிவிடுவான். எழுபத்தேழு கார்த்திகையில் அந்தக் கணக்கு முதல்முறையாகத் தப்பியது.

கல்லூரியில் விலங்கியல் நடத்திய சங்கரலிங்கம், மாற்றலாகிப் போகும்போது ஆய்வுக்கூடத்தில் பொரித்த ஆறு குஞ்சுகளை அவனிடம் விட்டுப் போனார். ஆக்சோலாட்டில் என்று பெயர். மெக்சிகோ நாட்டு ஏரிப் பிராணி. விரல் நீளம், நாலு கால், மீனுக்கு இருப்பதுபோல வால், கழுத்தின் இருபுறமும் சிவந்த இறகுபோல வெளியே நிற்கும் செவுள், இமையில்லாத கண். பலவேசம் அவற்றை இரண்டடிக் கண்ணாடித் தொட்டியில் விட்டான். விரலளவு உயிர்களுக்கு அது தாராளம் என்று தோன்றியது.

மண்புழு தின்று தை மாதத்துக்குள் அரையடிக்கு வளர்ந்துவிட்டன. ஒரு நாள் காலையில் ஒன்றுக்கு முன்னங்காலைக் காணோம். மறுவாரம் இன்னொன்றுக்குப் பாதம் இல்லை. தண்ணீரில் ரத்தமும் இல்லை, துண்டும் இல்லை.

ஸ்டுடியோவுக்குப் பின்கட்டில்தான் வீடு. மனைவி சண்முகத்தாய்க்கு அப்போது ஏழாம் மாதம்.

"ஏங்க, பக்கத்து வீட்டு இருளம்மாக்கா வந்து பாத்துட்டுச் சொன்னாக. பிள்ளைத்தாச்சி இருக்க எடத்துல கைகால் குறையிறது நல்லதில்லையாம். எங்கனயாச்சும் கெணத்துல விட்டுருங்க."

"அதுக்கும் நம்ம பிள்ளைக்கும் என்ன சம்பந்தம்?"

"தெரியல. ஆனா மனசு கேக்கல."

அவன் அன்று ராத்திரியே உட்கார்ந்து, சங்கரலிங்கத்துக்குக் கடிதம் எழுதினான். பதில் வந்தது:

'அவை அசைவதையெல்லாம் இரை என்று கவ்வும். நெருக்கடியில் அசைவது கூட்டாளியின் காலாகத்தான் இருக்கும். உயரமான தொட்டி வாங்கி ஏமாறாதே, அவை தரையில் நடப்பவை. ஆறுக்கும் சேர்த்து ஐந்தடி நீளம், இரண்டடி அகலம் வேண்டும். ஒன்றரையடி உயரம் போதும். போன கால் தானாக முளைக்கும். தண்ணீர் மட்டும் சூடாகவே கூடாது.'

தேனியில் இரும்புச் சட்டம் அடிக்கச் சொன்னான். வெல்டிங் பட்டறைக்காரர் அளவைக் கேட்டுவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார். "ஒரு ஆளைக் கிடத்தலாம் போலல்ல இருக்கு?" அந்தப் பேச்சைப் பலவேசம் வீட்டில் சொல்லவில்லை. தொட்டி வந்ததும் வாடிக்கையாளர் உட்காரும் பெஞ்சு தெருவுக்குப் போனது. சண்முகத்தாய் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அதன்பின் ஒரு காலும் குறையவில்லை. மூன்று வாரத்தில் அறுந்த இடங்களில் அரிசிபோல மொட்டு விட்டது. அவன் இல்லாத நேரத்தில் அவள் போய்ப் பார்ப்பதை கண்ணாடியில் படிந்த ஈரமான கைரேகையிலிருந்து தெரிந்துகொண்டான்.

பங்குனியில் தகரக் கூரை கொதித்தது. தொட்டியைச் சுற்றிச் சாக்குகளைத் தொங்கவிட்டு, மணிக்கொருதரம் நனைத்தான். அந்த வெயிலில்தான் அவளுக்கு வலி கண்டது. எதிர் டீக்கடைச் சங்கிலியிடம் சாவியைக் கொடுத்து, "சாக்கை மட்டும் நனைச்சுருங்கண்ணே" என்று சொல்லிவிட்டு, பெரியகுளம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். இரண்டு நாள் பிரசவம் இழுத்தது. மூன்றாம் நாள் பெண் பிறந்தது. சண்முகத்தாய் கையிலும் காலிலும் விரல்களை இரண்டு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கண் அயர்ந்தாள்.

நாலாம் நாள் அவன் வந்து, சங்கிலியிடம் சாவி வாங்கித் திறந்தான். சாக்குகள் விறைத்துக் காய்ந்திருந்தன. தண்ணீர் வெந்நீராக இருந்தது. ஆறும் மல்லாந்து மிதந்தன. ஒன்றின் புதுப் பாதத்தில் நாலு விரலும் முழுசாக இருந்தன.

"தெனமும் கதவு வரைக்கும் வந்தேன் தம்பி," என்றார் சங்கிலி. "உள்ள நுழையப் பயம். இருளம்மா சொன்னதுலருந்து ஊரே என்னென்னமோ பேசுது."

பலவேசம் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டான். கொல்லையில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, கையைக் கழுவி, பஸ் ஏறினான்.

"அதுக எப்படியிருக்கு? கால் வளந்துருச்சா?" என்றாள் சண்முகத்தாய்.

"வளந்துருச்சு."

பத்து நாள் கழித்து வீட்டுக்கு வந்தவள் காலித் தொட்டியைப் பார்த்தாள். சங்கிலி சொன்னதை அவன் வாயாலேயே கேட்டுத் தெரிந்துகொண்டாள், பொய் சொன்னதற்காக அவனோடு சண்டை பிடிக்கவில்லை. பிள்ளையைப் பார்க்க இருளம்மாள் வந்து கதவைத் தட்டியபோது, மடியில் பிள்ளையோடு, திறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.