தலைவர் நான்தாங்க

தேர்தலில் ஜெயித்தது மதிவதனி. மாலை விழுந்தது அவள் கணவன் புகழேந்தியின் கழுத்தில்.

குத்தாலத்துக்குக் கிழக்கே இருக்கும் கீழவெளி ஊராட்சியில் அந்த முறை தலைவர் பதவி பட்டியலினப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. புகழேந்தி கல்லூரி நாளிலிருந்து கட்சிக்காக அலைந்தவன். தனக்கு வராத வாய்ப்பில் மனைவியை நிறுத்தினான். அவளும் பட்டப்படிப்பு முடித்தவள்தான். கல்யாணத்துக்கு முன்பு மயிலாடுதுறையில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். ஜெயித்த மறுநாளே அடுப்படிக்குத் திரும்பிவிட்டாள். அலுவலகத்தில் தலைவர் நாற்காலியில் புகழேந்தி உட்கார்ந்தான். கூட்டம் இருக்கும் நாளில் அவள் போய், பக்கத்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவாள். தலைவர் நம்பர் என்று ஊர் முழுக்க வைத்திருந்தது புகழேந்தியின் செல்போன் நம்பரை.

முதல் வருஷம் அது அவளை உறுத்தவே இல்லை. உறுத்த ஆரம்பித்தது ராசம்மாள் வந்த அன்றைக்கு. ராசம்மாள் தெருக்கோடி வீட்டுக்காரி. குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொல்ல வந்தவள், வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்த மதிவதனியிடமே கேட்டாள்.

"தலைவரு இல்லையா?"

"தலைவர் நான்தாங்க. சொல்லுங்க அக்கா."

"அட, உன்ன இல்லம்மா. புகழேந்திய கேட்டேன்."

ராசம்மாள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். அவள் மனதில் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. அதுதான் மதிவதனியை அதிகமாகச் சுட்டது.

அவள் பெரிதாக எதையும் அறிவித்துவிடவில்லை. காலையில் சோறு வடித்ததும் தெருவை ஒரு சுற்று நடந்து, தண்ணீர்த் தொட்டி மோட்டார் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு வர ஆரம்பித்தாள். புகழேந்தி கிளம்புவதற்கு முன்பே அலுவலகத்துக்குப் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். முதல் நாள் அவன் வாசலில் நின்று பார்த்தான். அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

கடினமாக இருந்தது பேச்சுதான். யார் எதைக் கேட்டாலும் "அவருகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்பது அவள் வாயில் ஊறியிருந்தது. அதை விழுங்கிவிட்டு "நாளைக்குச் சொல்றேன்" என்று சொல்லப் பழகினாள். மறுநாள் தானே தேடிப் போய்ச் சொன்னாள். ஆகாத காரியம் என்றால் ஆகாது என்பதையும் நேரில் போய்ச் சொன்னாள். அப்படிச் சொல்லிவிட்டு வந்த நாட்களில் சாப்பாடு இறங்காது. இன்னொன்று, சிரிப்பு. கடையில் வாடிக்கையாளர் முகம் சுளித்தாலும் சிரிக்க வேண்டும் என்று பழக்கியிருந்தார்கள். ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் ஒரு சின்னச் சிரிப்பு தானாக வந்தது. அதைப் பார்த்தவுடன் எதிரில் இருப்பவர் பேரம் பேச ஆரம்பித்துவிடுவார். அந்தச் சிரிப்பை நிறுத்தத்தான் அவளுக்கு அதிக நாள் பிடித்தது.

அலுவலகச் சுவரில் தன் நம்பரை எழுத வைத்தபோது வீட்டில் முதல் சண்டை வந்தது.

"என்னை நம்பலயா நீ?" என்றான் புகழேந்தி.

"நம்பறேன். ஆனா கேள்வி வந்தா பதில் சொல்ல வேண்டியது நான்தானே?"

"ஓட்டு யாருக்காகப் போட்டாங்கன்னு தெரியும்ல?"

அவன் சொன்னதில் பாதி உண்மை என்பது அவளுக்குத் தெரியும்.

ஐப்பசி மழை அந்த வருஷம் ஓயாமல் அடித்தது. ஊர் எல்லையில் ராஜராஜன் ஒரு கல்யாண மண்டபம் கட்டியிருந்தார். சிங்கப்பூரில் பல வருஷம் சம்பாதித்துத் திரும்பியவர், பெரிய பண்ணைக் குடும்பம். மண்டபத்துக்குப் பாதை போட வடிகால் வாய்க்காலைத் தூர்த்து, அடியில் ஒரே ஒரு சின்னக் குழாயைப் பதித்திருந்தார். குழாய்க்குப் பதில் பாலம் கட்டிவிடுங்கள் என்று ஆடி மாதமே மதிவதனி அவரிடம் கேட்டிருந்தாள். "நான் அவருகிட்ட பேசிட்டேன், விடு" என்று புகழேந்தி சொன்னதால் விட்டுவிட்டாள்.

இப்போது அந்தக் குழாய் அடைத்துக்கொண்டது. மேற்கே இருந்த சம்பா நடவு முழுக்கத் தண்ணீருக்குள் போனது. பயிர் நுனி கூடத் தெரியவில்லை. நீர்வளத்துறை அதிகாரியைக் கூப்பிட்டால், வாய்க்கால் தங்கள் துறையுடையது, மேலிடத்து உத்தரவு வேண்டும், இரண்டு நாள் ஆகும் என்றார். இரண்டு நாளில் பயிர் அழுகிவிடும். மதிவதனி பொக்லைன் ஓட்டும் ஃபாஜிலை வரச்சொன்னாள்.

மழைக்குள் ஊரே பாதையில் நின்றது. ராஜராஜன் குடையோடு நடுவில் நின்றார்.

"இங்க பாரு புள்ள, நாளைக்கு மண்டபத்துல கல்யாணம். பாதைய வெட்டிட்டா பொண்ணு வீட்டுக்காரங்க எப்படி வருவாங்க?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. மதிவதனிக்குப் பழைய சிரிப்பு உதட்டுக்கு வரப் பார்த்தது.

"பின்னாடி தெரு வழியா நடந்து வரட்டுங்க. நானே நின்னு கூட்டிட்டுப் போறேன்."

"உன் வீட்டுக்காரன் எனக்கு வாக்கு குடுத்திருக்கான், இந்தப் பாதையில கை வைக்க மாட்டோம்னு. கேளு அவன."

எல்லோரும் புகழேந்தியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் நனைந்துபோய் நின்றான், தரையைப் பார்த்தான். அப்படி ஒரு வாக்கு கொடுத்தது அவளுக்கு அந்த நிமிஷம்தான் தெரியும். அவனைக் காப்பாற்ற ஒரு வார்த்தை தேடினாள். கிடைக்கவில்லை. பின்னால் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

"அது அவரு குடுத்த வாக்குங்க. தலைவர் குடுத்தது இல்ல. ஃபாஜில், வெட்டுங்க."

ஃபாஜில் ஒருமுறை புகழேந்தியைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். வண்டி முன்னே நகர்ந்தது. ராஜராஜன் விலகிக்கொண்டார்.

தண்ணீர் சாயங்காலத்துக்குள் வடிய ஆரம்பித்தது. மேட்டு வயல்கள் தப்பின. பள்ளத்து வயல்கள் தப்பவில்லை. ராசம்மாளின் குத்தகை நிலமும் அதில் ஒன்று. மறுநாள் மதிவதனி சொன்னபடி சேற்றில் நின்று கல்யாண வீட்டாரைக் குடை பிடித்துக் கூட்டிப்போனாள். பெண்ணின் தாய் ஆனந்தவல்லி பட்டுப்புடவையை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கடைசிவரை இவள் முகத்தைப் பார்க்கவில்லை.

புகழேந்தி பல நாள் பேசவில்லை. பேசியபோது குரல் உயரவில்லை.

"ஊர் முன்னாடி அப்படிச் சொல்லியிருக்க வேணாம்."

"வாக்கு குடுத்தத என்கிட்ட சொல்லியிருந்தா, வீட்டுலயே பேசியிருப்பேன்."

"சொல்லியிருந்தா நீ ஒத்துக்கிட்டிருக்க மாட்ட."

"மாட்டேன்."

ஊரில் அவன் வாக்குக்கு இருந்த மதிப்பு போனது போனதுதான். தை பிறந்ததும் அவன் ஷார்ஜாவுக்கு டிரைவர் வேலைக்குக் கிளம்பினான். வழியனுப்பக் கட்சிக்காரர்கள் யாரும் வரவில்லை. இனி அவனால் அவர்களுக்கு என்ன ஆகும்?

ராஜராஜன் கொடுத்த புகாரின்பேரில் விளக்கம் கேட்டு மேலிடத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. கணவர் தூண்டுதலா, ஊர்க்காரர்கள் கட்டாயமா என்று விசாரணையில் கேட்டார்கள். தப்பித்துக்கொள்ள நல்ல வழி அது. "நான்தான் சொன்னேன், என் பொறுப்பு" என்றாள். எச்சரிக்கையோடு விட்டார்கள். அடுத்த வருஷம் அந்த இடத்தில் ஒரு பாலம் வந்தது. பள்ளத்து வயல்காரர்கள் சிலருக்கு இன்னமும் கோபம்தான். ஒரு நாள் முன்னாலேயே வெட்டியிருக்கலாமே என்கிறார்கள். அவளும் அதை நினைத்துப் பார்க்காத மழை கிடையாது.

பதவிக்காலம் முடிந்துவிட்டது. அடுத்த தேர்தலில் இடம் பொதுவானால் நிற்பாயா என்று சிலர் கேட்கிறார்கள். போன வாரம் புகழேந்தி போனில் பேசும்போது அவளே பேச்சை எடுத்தாள்.

"மறுபடி நிக்கலாம்னு இருக்கேன்."

அந்தப் பக்கம் அவன் வண்டியை ஓரம் கட்டும் சத்தம் கேட்டது.

"கேக்குறியா, சொல்றியா?"

"சொல்றேங்க."

"சரி" என்றான் அவன். பிறகு சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டான். அது சம்மதமா, இனி உன்பாடு என்று கைகழுவியதா என்று அவளுக்குப் புரியவில்லை. திரும்பக் கூப்பிட்டுக் கேட்கவும் அவளுக்குத் தைரியம் வரவில்லை.