மூன்று முறை வணங்கும் வேன்

யாங்கோனில் புது வண்டி வாங்குபவர்கள், நெடுஞ்சாலையோர ஆலமரத்துத் தெய்வத்தின் முன் அதை மூன்று முறை முன்னும் பின்னும் நகர்த்தி வணங்கச் செய்வார்கள். அங்கேதான் அவரைச் சந்தித்தேன்: பர்மியப் பெண்களைப் போலக் கன்னத்தில் தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசிய, ஐம்பது வயதுத் தமிழ்ப்பெண். பழைய வேனுக்குள் கட்டிலும் அடுப்பும் பொருத்தியிருந்தார். இருக்கையில் விரிந்த வரைபடத்தில் ராஜஸ்தான் பாலைவனக் கோட்டைகளைப் பென்சிலால் வட்டமிட்டிருந்தார். வாரந்தோறும் வருவாராம், பூக்காரி சொல்லிச் சிரித்தாள்.

"இந்திய எல்லைப் பாதையே மூடிக் கெடக்கே, அக்கா. இப்பவே எதுக்குக் கும்பிடறீங்க?" என்று கேட்டேன்.

"தெறக்கற அன்னைக்கு இங்க நிக்க நேரமிருக்காது, தங்கச்சி. பாலைவனத்துல பாதி தூரம் போயிருப்பேன்."

"போக வேணாம்னு யாரும் சொல்லலையா?"

"சொல்லிக்கிட்டுத்தான் இருக்காங்க."

வேனை மூன்றாம் முறை முன்னே செலுத்தினார். அந்த மரத்தைத் தவிர வேறெதற்கும் அது தலைவணங்கியிருக்காது என்றே இன்றும் நினைக்கிறேன்.