கோர்வைக்கு இரண்டு வாய்

கோர்வைப் புடவை நெய்ய ஒருவர் போதாது. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டையும் கோர்த்துக்கொண்டே போக வேண்டும். உடலுக்கு ஊடை நூல் ஓட்டும் நாடாவை என் வீட்டுக்காரர் போடுவார், கரை நாடாவை நான். தறியில் தோளோடு தோள் உரச உட்கார்ந்திருப்போம். பார்க்கிறவர்களுக்கு அது காதல். அவர் வாயைத் திறந்தால்தான் தெரியும் என் பாடு.

நல்ல மனுஷன். பீடி கிடையாது, குடி கிடையாது, பல் துலக்காமல் டீயைக்கூடத் தொடமாட்டார். அப்படிப்பட்டவர் வாயிலிருந்து பத்து மணிக்கு மேல் வரும் காற்றுக்கு அழுகிய முட்டைக்கோஸ் தேவலை. பேசாமல் இருந்தாலாவது பரவாயில்லை. தறியில் உட்கார்ந்தால்தான் அவருக்கு ஊர்க்கதை எல்லாம் ஞாபகம் வரும்.

சொல்லிவிடலாம்தான். ஆனால் அவருக்கு ரோஷம் ஜாஸ்தி. புதுச் சட்டை எடுப்பாக இல்லை என்றதற்கே நாள்கணக்கில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவர். தறியில் இருந்ததோ ஐயம்பேட்டைப் பெண்ணுக்குக் கல்யாணப் புடவை. அவர் கோபித்துக்கொண்டு எழுந்துபோனால் கோர்வை நிற்கும், முகூர்த்தம் நிற்காது. அதனால் பட்டுத் தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒரு பொய் சொல்லி மாஸ்க் போட்டுக்கொண்டேன். மறுநாள் அவரும் ஒன்றை மாட்டிக்கொண்டு வந்தார். எனக்குத் துணையாகப் போட்டிருக்கிறார் என்று உருகிப்போனேன்.

ஒரு நாள் புழுக்கம் தாங்காமல் மாஸ்க்கைக் கழற்றினேன். அந்த நேரம் பார்த்து அவரும் கழற்றிவிட்டு, என் பக்கம் திரும்பி ஏதோ கதையை ஆரம்பித்தார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"ஏங்க, கோவிச்சுக்காதீங்க. வாய் ரொம்ப நாறுதுங்க."

அவர் நாடாவைக் கீழே வைத்தார்.

"உனுக்கு மட்டும் இன்னா, மல்லிப்பூவா மணக்குது? நான் எதுக்கு மாஸ்க் போட்டுக்கினு உட்காந்துனு இருக்கேன்னு நெனச்ச?"

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. உருகியதெல்லாம் வீண். அன்றைக்கே பல் டாக்டரிடம் போனோம். யாருக்குப் பிரச்சினை என்று கேட்டார். நான் வீட்டுக்காரரைக் கைகாட்டினேன், அவர் என்னை. இரண்டு வாயையும் பார்த்துவிட்டு, பல்லில் குறையில்லை, நாக்குதான் வெள்ளை பூத்து உலர்ந்து கிடக்கிறது என்றார் டாக்டர்.

"தண்ணி குடிக்கிறதில்லையாம்மா?"

"தறியில உட்காந்தா ஏதுங்க தண்ணி? ஒரு சொட்டு பட்டுல விழுந்தா கறையாயிடும்."

அதுதான் வினை. விடிந்ததும் டீயைக் குடித்துவிட்டு உட்கார்ந்தால், மதியச் சாப்பாடு வரை நாங்கள் நாக்கை நனைப்பதில்லை. தினமும் நாக்கு வழிக்க வேண்டும், சாப்பிட்டதும் வாய் கொப்பளிக்க வேண்டும், படுக்கும் முன்பும் பல் துலக்க வேண்டும், நடுநடுவே எழுந்துபோய்த் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். கோர்வையில் ஒருவர் எழுந்தால் மற்றவருக்கு வேலை இல்லை என்பதால், இப்போது இருவரும் சேர்ந்தே பின்கட்டுக்குப் போய்க் குடித்துவிட்டு வருகிறோம். புடவையும் நாள் தவறாமல் முடிந்தது.

டாக்டரிடம் போய் வந்த மறுநாள் காலை, நாக்கு வழித்துக்கொண்டு வந்தவர் தறியில் உட்காராமல் என் எதிரே நின்றார்.

"ஊதிக் காட்டட்டுமா?"

கல்யாணமான நாளிலிருந்து அவர் எதையும் என்னைக் கேட்டுச் செய்தவரில்லை. வாசல் கதவுக்குப் பச்சை பெயிண்ட் அடித்ததையே நான் கடைக்குப் போய்த் திரும்பிய பிறகுதான் பார்த்தேன். அந்த மனுஷன் வாயை இறுக மூடிக்கொண்டு என் பதிலுக்குக் காத்திருந்தார்.