ஒரு மடக்குத் திராட்சைச் சாறு

"மொதல்ல எல்லாரும் வாயக் கொப்புளிச்சிருங்க" என்று சொல்லிக்கொண்டே பரீது தன் டவேரா வண்டியின் பின்கதவைத் திறந்து தண்ணீர்க் கேனை வெளியே இழுத்தார். சுந்தரபாண்டியபுரத்தில் தேனீ வளர்க்கும் முத்துச்செல்வத்தின் வீட்டு வாசல். வண்டியில் வந்த மதுரைக் குடும்பம் சூரியகாந்தி வயலில் படம் எடுத்துவிட்டு, வருகிற வழியெல்லாம் காரச்சேவு தின்றிருந்தது. வாயில் காரம் இருக்கும்போது தேனை நக்கினால் எல்லாத் தேனும் ஒன்றுபோலத்தான் இருக்கும் என்பது பரீதின் கட்சி. கொப்புளிக்காதவர்களுக்குக் கரண்டி கிடையாது. குடும்பத்தின் பெரியவர் ஒருவர் முறைத்துப் பார்த்தார். பரீது சிரித்த முகமாகவே தம்ளரை நீட்டிக்கொண்டு நின்றார். கடைசியில் அவரும் கொப்புளித்தார்.

உள்ளே, முன்னறை மேசையில் முத்துச்செல்வமும் அவர் மனைவியும் சின்னச் சின்னக் கிண்ணங்களை வரிசையாக வைத்திருந்தார்கள். முருங்கைத்தேன், புளியரைப் பக்கத்து ரப்பர் தோட்டத்துத் தேன், நெய்போல உறைந்துகிடந்த சூரியகாந்தித் தேன். உறைந்ததைப் பார்த்ததும் சீனிப்பாகு என்று முணுமுணுக்காத கூட்டமே வருவதில்லை. அதற்குப் பதில் சொல்வது முத்துச்செல்வம் இல்லை, பரீதுதான். "உறைஞ்சாத்தான் சூரியகாந்தி. உறையாம இருந்தாத்தான் நீங்க சண்டைக்கு வரணும்." பிறகு கிண்ணத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கச் சொல்லுவார், முகர்ந்து பார்க்கச் சொல்லுவார், அதற்குப் பின்தான் நாக்கு. "முழுங்கிராதீங்க, அப்படியே நாக்குல கெடக்கட்டும். இப்ப மூக்கு வழியா மூச்ச விடுங்க." ஒரு தேனுக்கும் அடுத்த தேனுக்கும் நடுவே ஒரு துண்டு வெறும் பன். பிள்ளைகளுக்கு இது விளையாட்டு. பெரியவர்களுக்கு முதலில் கூச்சம், அப்புறம் அவர்கள்தான் எழுந்திருக்க மாட்டார்கள்.

பரீது ஐம்பதைத் தாண்டிய மனிதர். முழுக்கைச் சட்டை, முழங்கை வரை மடித்துவிட்ட கை, எந்நேரமும் சவரம் செய்த கன்னமும் சீராக வெட்டிய தாடியும். அத்தர் என்றால் உயிர். ஆனால் வெள்ளிக்கிழமை மட்டும்தான் பூசுவார். சவாரி நாளில் ஒரு பொட்டுக்கூட மேலே படாது. சவாரிக்கு வருகிறவர்கள் சென்ட் அடித்துக்கொண்டு வந்தால் பின் இருக்கையில் ஜன்னலோரம் உட்காரவைத்துக் கண்ணாடியை இறக்கிவிடுவார். பக்கத்தில் இருப்பவர் சென்ட் மணத்தால் இன்னொருத்தருக்குத் தேன் மணக்காதாம். அருவிக்கரையில் ஆரன் அடிப்பதையும் வண்டிக்குள் பாட்டுப் போடுவதையும் அவர் விரும்புவதில்லை. குற்றாலத்தில் சீசனுக்கு வண்டி ஓட்டுகிறவர்களில் இவரை விசித்திரமான ஆள் என்று சொல்லாதவர்கள் குறைவு.

இதையெல்லாம் அவர் கற்றுக்கொண்டது நாசிக்கில். சிறு வயதிலேயே மும்பைக்குப் போய் டாக்சி ஓட்டியவர். வண்டி முதலாளி நாசிக்கில் ஒரு கிளை போட்டபோது அங்கே அனுப்பப்பட்டார். சனி, ஞாயிறுகளில் மும்பைக்காரர்கள் ஒயின் தயாரிக்கும் தோட்டங்களைப் பார்க்க வருவார்கள். கல்யாண மண்டபம்போல விளக்குப் போட்ட பெரிய இடங்களும் உண்டு. பரீதுக்குப் பிடித்தது, திராட்சை விவசாயிகள் தங்கள் வீட்டிலேயே நடத்திய சின்ன இடங்கள். அதிலும் வினாயக்ராவ் என்பவர் வீடு. தோட்டத்துக்கு நடுவே ஓட்டுவீடு, பின்னால் எஃகுத் தொட்டிகள், முன்னறையில் நீள மேசை. வினாயக்ராவ் ஊற்றிக் கொடுப்பார், அவர் மனைவி எந்த மண், எந்த வருஷத்து வெயில் என்று சொல்லுவார், அதே மேசையின் மூலையில் மகள் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பாள். வந்தவர்கள் குடிக்கிறார்களா என்றால் அதுவும் இல்லை. கண்ணாடிக் கோப்பையில் ஒரு விரல் உயரம், சுழற்றி, முகர்ந்து, வாயில் வைத்து, பாதிப் பேர் அதைப் பக்கத்து வாளியில் துப்பிவிடுவார்கள். சென்ட் போட்டு வந்த ஒரு நடிகையை வினாயக்ராவ் முற்றத்திலேயே உட்காரவைத்துவிட்டாராம்.

மற்ற டிரைவர்கள் வெளியே வேப்பமரத்தடியில் சீட்டாடுவார்கள். பரீது சீட்டுத் தொடமாட்டார் என்று தெரிந்ததும் வினாயக்ராவ் அவரை உள்ளே கூப்பிட்டு மேசைக்கோடியில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார். அவருக்கென்று தனியாகத் தேநீர் வரும். ஊரடங்கு வந்து சவாரி நின்று ஊர் திரும்பும்வரை அந்த நாற்காலி அவருடையதாகவே இருந்தது.

தென்காசியில் பழைய டவேரா ஒன்றை வாங்கிய புதிதில், எல்லாரையும்போல அருவி, பரோட்டாக் கடை, மறுபடி அருவி என்றுதான் ஓட்டினார். வருகிறவர்கள் எந்த வீட்டுக்குள்ளும் போகாமல் திரும்பிப் போகிறார்களே என்பது அவருக்கு உறுத்தியது. முத்துச்செல்வத்திடம் போய் முன்னறையில் ஒரு மேசை போடச் சொன்னார். தேன் நக்குவதற்கு யார் வீடு தேடி வருவார்கள் என்று முத்துச்செல்வம் சிரித்தார். அடுத்துப் பண்பொழியில் பென்னி வீடு. பென்னியின் அம்மா போடும் ஜாதிக்காய் ஊறுகாயைக் கடைக்குக் கொடுப்பதை விட்டு மேசைக்குக் கொண்டுவர வைத்தார். இப்போது சீசனில் அந்த வீடுகளில் உட்கார இடம் கிடைப்பதில்லை.

நாசிக்கைப் பற்றி அவர் யாரிடமும் மறைத்ததில்லை. ஆனால் நம் ஊரில் ஒயின் ஷாப் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். மேசை, வாளி, கணக்குப் போடும் பெண்பிள்ளை என்று அவர் எவ்வளவு விளக்கினாலும், கேட்கிறவர் கண்ணில் தெரிவது கம்பி வலைக்குப் பின்னால் குவார்ட்டர் பாட்டில்தான். "பரீது பாயி பம்பாயில ஒயின் ஷாப்புல இருந்தவரு" என்று ஸ்டாண்டில் சொன்னால் அவர் திருத்தமாட்டார். கொஞ்ச நாள் திருத்திப் பார்த்து விட்டுவிட்டார்.

அது மகள் மிஸ்ரியாவின் கல்யாணப் பேச்சில் வந்து நின்றது. பி.பார்ம் படித்தவள், தென்காசியில் ஒரு மருந்துக் கடையில் வேலை. புளியங்குடியிலிருந்து செய்யது மசூது என்பவர் தன் மகனுக்குக் கேட்டு வந்தார். பள்ளிவாசலில் மரியாதை உள்ளவர், பேச்சில் நிதானமானவர். பையனுக்கும் பெண்ணுக்கும் பிடித்திருந்தது. சேலை நிறம் வரை பேசியாகிவிட்டது. அந்த நேரத்தில் மும்பையில் இருக்கும் மசூதின் உறவுக்காரர் ஒருவர் போனில் நாசிக் விஷயத்தைச் சொல்ல, மசூது இரண்டு பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு நேரில் கேட்க வந்தார்.

அவர்கள் வருவதற்கு முன் மனைவி சைதூன் பீவி பரீதிடம் ஒன்றே ஒன்றைக் கேட்டுக்கொண்டாராம். திராட்சைத் தோட்டத்துக்கு வண்டி ஓட்டினேன் என்று சொல்லுங்கள், அது பொய்யும் இல்லை என்று. பரீது சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வாசலுக்குப் போனார்.

மசூது சுற்றி வளைக்கவில்லை. நாசிக்கில் சவாரி எங்கெல்லாம் என்று கேட்டார். ஒயின் தயாரிக்கிற வீடுகளுக்கு என்று பரீது சொன்னார். அந்த வருமானத்தில்தான் இந்த வீட்டுக்கு மேல்தளம் போட்டேன் என்றும் சொன்னார். வந்தவர்களில் ஒருவர், வண்டி ஓட்டுவது பிழைப்பு, அதைக் குற்றம் சொல்ல முடியாது என்று தணிவாகப் பேசினார். மசூதும் தலையசைத்தார். காரியம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. எழுந்திருக்கும் நேரத்தில், ஒரு சடங்குபோல, மசூது கேட்டார்.

"தப்பா எடுக்காதீங்க. ஊர்ல நாலு பேரு கேப்பாங்க. ஒரு சொட்டுகூட வாயில பட்டதில்லன்னு நான் சொல்லலாம்லா?"

"ஒரு தடவ பட்டுருக்கு" என்றார் பரீது.

நடந்தது இதுதான். அறுவடைக் காலம். வினாயக்ராவின் வயதான அம்மா, அப்போதுதான் பிழிந்த சாறு என்று நினைத்து ஒரு தம்ளர் திராட்சைச் சாறு கொடுத்திருக்கிறார். அது முந்தைய நாள் தொட்டியில் கிடந்தது, புளித்துப் பொங்க ஆரம்பித்திருந்தது. ஒரு மடக்கு உள்ளே போனதும் நாக்கில் ஊசி குத்தியதுபோல இருக்க, தம்ளரைக் கீழே வைத்துவிட்டார். அந்த அம்மா பதறிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டாராம். இதைப் பரீது முழுக்கவும் எடுத்துச் சொன்னார். மசூது பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, கலந்து பேசிச் சொல்லுகிறோம் என்று கிளம்பினார். வைத்த தேநீரில் ஆடை படிந்திருந்தது. பிறகு போன் வரவில்லை.

சைதூன் பீவி வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து கேட்டார். "யாரு பாத்தா? நீங்க சொல்லாட்டி யாருக்குத் தெரியும்?"

"அவுக, வாயில பட்டுச்சான்னு கேட்டாக. பட்டுச்சு."

அதன்பின் அந்த வீட்டில் கணவன் மனைவிக்குள் பேச்சு, உப்பு இல்லை, கரண்ட் போச்சு என்ற அளவோடு நின்றது. சைதூன் பீவியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மகளுக்கு அமைந்த ஒன்று கண் முன்னால் கலைந்தால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். ஒருநாள் காலையில் பரீது வண்டி கழுவிக்கொண்டிருந்தபோது, வேலைக்குக் கிளம்பிய மிஸ்ரியா பக்கத்தில் வந்து நின்றாள். "வாப்பா, எங்கிட்ட கேட்டுருந்தாலும் நான் அதத்தான் சொல்லிருப்பேன். ஆனா எனக்கு வருத்தமாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். பின்னர் ஒருநாள் நான் அவர் வண்டியில் போனபோது, பரீது ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டே இதை என்னிடம் சொன்னார். "அழுதுருந்தான்னா சமாதானம் சொல்லிருப்பேன். இதுக்கு என்னத்தச் சொல்ல?"

அந்தச் சீசன் முழுக்க அவர் வழக்கம்போல ஓட்டினார். சிரிப்பு மட்டும் குறைந்திருந்தது என்று முத்துச்செல்வம் சொன்னார். செய்தி பரவி, மிஸ்ரியாவுக்கு வந்த வேறு இரண்டு மாப்பிள்ளை இடங்களும் வாசலோடு நின்றன.

பிறகு வாசுதேவநல்லூரிலிருந்து ஒரு தாய் தனியாக வந்தார். கணவர் இல்லாதவர். மகன் முகம்மது ஆசிக் துபாயில் ஒரு ஓட்டலில் வேலை பார்க்கிறான் என்று சொன்னார். பரீது, இந்த முறை யாரும் கேட்பதற்கு முன்பே, நாசிக்கையும் அந்த ஒரு மடக்கையும் சொல்லிவிட்டார். அந்தம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எங்க பயலுக்கு அங்கன கிளாசு கழுவுத வேல. அந்தக் கிளாசுல என்ன இருந்துச்சுன்னு நான் இன்னைக்கு வரைக்கும் கேட்டதில்ல. அவனும் சொன்னதில்ல. நீங்களாவது சொல்லுதீங்க."

சமையலறை வாசலில் நின்றிருந்த சைதூன் பீவி முதல்முறையாக வெளியே வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். மிஸ்ரியா ஆசிக்கோடு போனில் பேச நாள் கேட்டாள். பேசினாள். பேசிவிட்டுத்தான் சரி என்றாள். கல்யாணம் தையில் நடந்தது. அன்று காலையில், மாப்பிள்ளை வீட்டாருக்கு எத்தனை நாற்காலி போடவேண்டும் என்று சைதூன் பீவி கணவரிடம் கேட்டார். அதற்குப் பரீது கொஞ்சம் நீளமாகவே பதில் சொன்னாராம்.

இந்த ஆனியில் நான் மறுபடி அவரோடு ஒருநாள் சுற்றப் போயிருந்தேன். முந்தைய நாள் மாலை, நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. "நான் புளியங்குடி மசூது பேசுதேன்." மும்பையிலிருந்து பேரப்பிள்ளைகள் வந்திருக்கிறார்கள், பழத்தோட்டம் பார்க்கவேண்டும் என்கிறார்கள் என்றார். பரீது போனைக் கிட்டத்தில் இழுத்துக்கொண்டார். "காலையில வாரேன். எங்கன நிக்கணும்னு மட்டும் சொல்லுங்க."

மறுநாள் பழைய குற்றாலம் போகிற வழியில் ரெங்கம்மாள் என்பவரின் பழத்தோட்டத்தில் இறங்கினோம். சாரல் விழுந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் ரெங்கம்மாளின் பின்னால் ரம்புட்டான் மரத்துக்கு ஓடிவிட்டார்கள். கல்மேசையில் மங்குஸ்தான் குவிந்துகிடந்தது. மசூது குடையை மடக்கி வைத்துவிட்டு, "பரீது, அன்னைக்கு நான்..." என்று ஆரம்பித்தார்.

பரீது குவியலைக் கிளறி, காம்பு பச்சையாக இருந்த ஒரு பழத்தை எடுத்தார். இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து மெல்ல அழுத்தினார். ஊதாத் தோல் வெடித்து, மேல்பாதியை எடுத்ததும் வெள்ளைச் சுளைகள் தெரிந்தன.

"மொதல்ல இதச் சாப்பிடுங்க" என்றார். "வச்சிருந்தா நெறம் மாறிரும்."

மசூது கை நீட்டும்வரை, சாறு வழிந்த கைகள் இரண்டையும் ஏந்தியபடியே நின்றார்.