இடது கையால் கொடுத்த காபி

எழுபதுகளின் நடுவில், டொரன்டோவில் எங்களுக்கு இரண்டாவது குளிர்காலம். குடியிருந்த அடுக்குமாடியின் பொதுப் படிக்கட்டில் கைப்பிடி எப்போதும் ஆடிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் காலை வேலைக்குக் கிளம்பிய அவசரத்தில் அதைப் பிடித்தேன். அது கழன்று என்னோடு சேர்ந்து கீழே வந்தது. வலது மணிக்கட்டில் எலும்பு முறிந்துவிட்டது. நான் டைப்பிஸ்ட். மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் விரல்கள் சரியாக மடங்கவில்லை. வேலை போயிற்று.

கட்டட உரிமையாளரோ, சேலை தடுக்கி விழுந்திருப்பாள் என்று சொல்லிவிட்டார். அன்று நான் போட்டிருந்தது பேன்ட். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

என் கணவருக்குப் பயம். "வந்த இடத்துல கோர்ட்டு கேஸுன்னு போனா மூட்டை கட்டி அனுப்பிடுவான், விட்டுடு" என்றார். எதிர் வீட்டு யாழ்ப்பாணத்து அக்காதான் விடவில்லை. "கழண்டது அவன்ர கைப்பிடி. நீங்கள் ஏன் பயப்பிடுறீங்கள்? இதைச் சும்மா விடாதேங்கோ. வாங்கோ, ஒரு வக்கீலைப் பாப்பம்." கைப்பிடி ஆடுகிறது என்று முன்பே உரிமையாளரிடம் புகார் சொன்னவரும் அவர்தான்.

வக்கீல் ஒரு வெள்ளைக்கார அம்மாள். குடியிருப்பவர்கள் நடக்கும் படியைப் பத்திரமாக வைத்திருப்பது உரிமையாளரின் கடமை, தவறினால் நஷ்டஈடு கேட்கலாம், அதற்காக உங்களை யாரும் நாட்டைவிட்டு அனுப்ப முடியாது என்று பொறுமையாக விளக்கினார். அதைக் கேட்ட பிறகுதான் என் கணவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

கோர்ட்டில் அக்காவின் சாட்சியத்தால் கைப்பிடி விஷயம் சுலபமாக முடிந்தது. என் கை உண்மையிலேயே முடங்கிவிட்டதா என்ற கேள்வி வந்தபோதுதான் சிக்கல். எதிர்த்தரப்பு இன்ஷூரன்ஸ்காரர் சாட்சிக் கூண்டில் ஏறினார். விசாரிக்க ஒரு முறை எங்கள் வீட்டுக்கு வந்தவர். "எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன். நன்றாக இருக்கிறேன் என்றார். அவரே காபி கொண்டுவந்து கொடுத்தார்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீடு தேடி வந்தவரிடம் நம்மில் யாராவது மூக்கைச் சிந்திக்கொண்டு நிற்போமா? நன்றாக இருக்கிறேன் என்றுதானே சொல்வோம்? அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. ஆனால் அத்தனை பேர் முன்னால் நான்தான் பொய்க்காரி ஆகிக்கொண்டிருந்தேன். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. வக்கீலின் காதில் கிசுகிசுத்தேன். அவர் எழுந்து, காபியை எந்தக் கையால் கொடுத்தார் என்று கேட்டார்.

அந்த மனிதர் சற்று யோசித்தார். "இடது கையால். கொடுக்கும்போது மன்னிக்கச் சொன்னார். எதற்கென்று எனக்குப் புரியவில்லை. காபி நன்றாகத்தான் இருந்தது."

நீதிபதி என் பக்கம் திரும்பி, ஏன் மன்னிப்புக் கேட்டீர்கள் என்றார். எங்களில் இடது கையால் ஒருவருக்கு எதையும் கொடுப்பது மரியாதைக் குறைவு, அதுவும் வீட்டுக்கு வந்தவருக்கு. வலது கையில் கோப்பை நிற்காததால் வேறு வழியில்லை என்றேன். குரல் நடுங்கவே இல்லை. எனக்கே ஆச்சரியம்.

தீர்ப்பு எங்கள் பக்கம். நடிக்கிறவர் என்றால் வந்தவரிடம் வலியைக் காட்டியிருப்பார், இவரோ மறைக்கப் பார்த்திருக்கிறார் என்று நீதிபதி சொன்னபோது அழுதுவிட்டேன். வெளியே வந்ததும் அக்கா என்னைக் கட்டிக்கொண்டு, "பாத்தீங்களோ, உங்கட கோப்பியெல்லோ கேஸை வெண்டு தந்தது" என்றார். கேஸைத் தானே போட்டதுபோல் என் கணவர் அந்தக் கதையைப் போகிற இடமெல்லாம் சொன்னார். படிக்கட்டில் கெட்டியான இரும்புக் கைப்பிடி வந்தது. தேவையே இல்லாவிட்டாலும் அதைப் பிடித்துக்கொண்டு ஏறி இறங்கினேன்.

வலது கை முழுதாகச் சரியாகவில்லை. வீட்டுக்கு வருகிறவர்களுக்கு இன்றும் இடது கையால்தான் காபி கொடுக்கிறேன். மன்னிப்புக் கேட்பதை மட்டும் அந்தக் கோர்ட்டோடு நிறுத்திவிட்டேன். எனக்காகச் சாட்சி சொன்ன கை அது.